பெயரறியாப் படங்கள்

மணமேடையில் நிற்கும் மணமக்களின் பெயரை அவர்தம் பேரப்பிள்ளைகளும் அறிவர். அப்படத்தை எடுத்தவர் யார் எனக் கேட்போர் அரியர். இக்கேள்வியின் அருமையை, மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய மாலியின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

மாலியின் தலைநகர் பமாக்கோ. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்குத் தச்சுத் தொழில் பயின்றவர் செய்டு கெய்ட்டா. 1935ஆம் ஆண்டில் அவருடைய சிற்றப்பா செனகலிலிருந்து கொடாக் பிரவுனிப் படக்கருவி ஒன்றைக் கொணர்ந்து தந்தார். 1948இல் கெய்ட்டா நிழற்பட நிலையம் தொடங்கினார். தம் படுக்கை விரிப்பையே முதற் பின்திரையாகத் தொங்கவிட்டார். படச்சுருள் விலைமிக்கதாதலின், பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே படம். அதனைப் பெரும்பாலும் பகலொளியில் பழுதற எடுத்தார். மாலி விடுதலை பெற்றபின் 1962இல் அரசுப் பணியில் சேர்ந்து, 1977இல் ஓய்வு பெற்றார்.

அவருக்கு இளையவர் மாலிக் சிடிபே. திருமணம், பெயர்சூட்டு விழா, இளைஞர் நடன விருந்து என எங்கு அழைத்தாலும் மிதிவண்டியேறிச் செல்வார். எடுத்த படங்களைச் சிறு படிகளாக அட்டையில் ஒட்டி, நாளும் விருந்தின் பெயரும் எழுதிக் கடையில் வைப்பார். வேண்டியவர் வேண்டிய படத்தைத் தெரிந்தெடுப்பர். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த இச்சிறு ஒழுங்கே பின்னர் வரலாற்றுச் சான்றாயிற்று.

1991இல் நியூயார்க் நகரில் ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே கெய்ட்டாவின் படங்களும் வைக்கப்பட்டன. ஆனால் அவற்றின் கீழ் அவர் பெயரில்லை. எடுத்தவர் அறியப்படாதவர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அப்போது கெய்ட்டாவோ பமாக்கோவில் உயிருடன் வாழ்ந்துகொண்டிருந்தார்! படங்களின் நகலுடன் பிரெஞ்சுக் கலை ஆர்வலர் அந்திரே மாஞ்ஞேன் அந்நகருக்குச் சென்றார். அங்கே சிடிபே அவற்றைக் கண்டதும், இவை கெய்ட்டாவின் படங்கள் என்று அடையாளம் காட்டினார். ஒரு தொழிலாளியின் கைவண்ணத்தை மற்றொரு தொழிலாளியின் கண்ணே அறிந்தது.

1994இல் பாரிசு நகரின் கார்த்தியே அறக்கட்டளையில் கெய்ட்டாவின் தனிக் கண்காட்சி நடைபெற்றது. உள்ளங்கையளவில் வீடுகளில் இருந்த முகங்கள் அங்கே சுவரளாவி நின்றன. அதே ஆண்டில் பமாக்கோவிலேயே ஆப்பிரிக்க நிழற்பட விழா தொடங்கியது. சிடிபேயும் கடல்கடந்து சென்று சிறப்புற்றார். 2003இல் சுவீடனின் ஹாசல்பிளாட் விருதும், 2007இல் வெனிசு கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்கமும் பெற்றார். அப்பொற்சிங்கத்தை அதற்குமுன் எந்த நிழற்படக் கலைஞரும் பெற்றதில்லை. கெய்ட்டா 2001இலும் சிடிபே 2016இலும் மறைந்தனர்.

இவர்தம் படங்களை உலகம் போற்றியது ஏன்? மாலி மக்கள் தம்மை எவ்வாறு காண விரும்பினரோ அவ்வாறே அவை காட்டின. அன்னியர் எடுத்த படங்களில் ஆப்பிரிக்கர் பெரும்பாலும் காட்சிப் பொருளாயினர். இவற்றிலோ நல்லாடை உடுத்து நிமிர்ந்து அமர்ந்தனர். அப்பெருமிதத்தை உலகறியச் செய்தவை, இருவரும் காத்துவைத்த எதிர்மறைகளேயாம்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நம் இல்லங்களிலும் பழைய திருமணப் படங்கள் உள்ளன. அவற்றைத் திருப்பிப் பாருங்கள். நிலையத்தின் முத்திரை இருப்பின் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் பெரியோரிடம் கேட்டு, ஊரும் ஆண்டும் எடுத்தவர் பெயரும் மென்கரிக்கோலால் எழுதி வையுங்கள். கேட்டறியப் பெரியோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.