விதியென்று பெயர் சூட்டிய வேட்கை

நிலத்தின்மேல் கொண்ட வேட்கைக்கு அரசுகள் பல பெயர் சூட்டியதுண்டு. ஐக்கிய அமெரிக்கா சூட்டிய பெயர் ‘கண்கூடான விதி’ என்பது. 1845ஆம் ஆண்டில் நியூயார்க் இதழொன்றில் இத்தொடர் தோன்றியது. எழுதியவர் அதன் ஆசிரியர் ஜான் ஓசல்லிவன் என்பர். பெருகிவரும் தம் மக்கள் பரவுதற்கென்றே இறைவன் அக்கண்டத்தை அளித்தான் என்பது அவர் கொள்கை. பத்திரம் காட்ட வேண்டிய வழக்காளி பரம்பொருளைச் சாட்சிக்கு அழைத்தாற்போல் இருக்கிறதன்றோ!

அவ்வாண்டே டெக்சாஸ் இணைக்கப்பட்டது. 1846 மே மாதத்தில், மெக்சிகோப் படை எம் மண்ணில் எம்மவரைக் கொன்றதென்று கூறி, ஜனாதிபதி போல்க் போர் தொடங்கச் செய்தார். அம்மண்ணோ இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய பூமி. குருதி சிந்திய இடம் எது, அது யாருடையது என்று 1847 டிசம்பரில் சபையில் கேட்டார் புதிய உறுப்பினர் ஒருவர். அவரே ஆபிரகாம் லிங்கன்.

அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி செலுத்தேன் என்று 1846இல் ஓரிரவு சிறைப்பட்டார் தோரோ. பின்னர் அவர் எழுதிய கட்டுரை இப்போரையும் கண்டித்தது. 1907இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அதன் சாரத்தைத் தம் இதழில் வெளியிட்டதை நாம் அறிவோம்.

எதிர்த்தோர் அனைவரையும் நாம் போற்றுவதற்கில்லை. மெக்சிகோ முழுவதையும் விழுங்கலாகாதென்று கால்ஹூன் வாதிட்டது அறத்தினாலன்று. வெள்ளையரின் ஆட்சியில் பிற இனத்தார் கலத்தலாகாது என்பதினாலேயே. வடபகுதியார் பலர் அஞ்சியதோ, புதுநிலத்தில் அடிமை முறை வேரூன்றிவிடும் என்பதற்கு. பழங்குடியினரின் இசைவை எவரும் கேட்டாரில்லை.

ஆயினும் 1848 ஜனவரி 3ஆம் நாள், இப்போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்னும் வாசகத்தைப் பிரதிநிதிகள் சபை 85க்கு 81 என்ற வாக்கில் ஏற்றது. களத்தில் படை வென்றுகொண்டிருக்கையில் இவ்வாறு கூறுதல் எளிதன்று.

தொடக்கத்திலேயே போரை எதிர்த்து வாக்களித்த பதினால்வருள் ஒருவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், முன்னாள் ஜனாதிபதி. 1848 பிப்ரவரி 21ஆம் நாள், படைத்தலைவர்களைப் பாராட்டும் தீர்மானம் வந்தபோது, எண்பது வயதைக் கடந்த அம்முதியவர் உரத்த குரலில் ‘இல்லை’ என்றார். சிறிது நேரத்தில் தம் இருக்கையிலேயே சாய்ந்தார். சபைக் கட்டடத்திலேயே இரண்டாம் நாள் உயிர் நீத்தார்.

மெக்சிகோ, டெக்சாஸையும் சேர்த்துத் தன் நிலத்தில் பாதிக்குமேல் இழந்தது. அதற்கு ஈடாக ஒன்றரைக் கோடி டாலர் தரும் உடன்படிக்கையை, மார்ச் 10ஆம் நாள் மேல்சபை ஏற்றுக்கொண்டது.