இளகி ஒட்டும் இறப்பர் பூச்சு: பழுதாவது மேற்பூச்சே, பொருளல்ல

பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு பொருளை வெளியே எடுக்கும்போது, அது பசை பூசியது போலக் கையில் ஒட்டிக்கொள்வதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ரோச் லைற், சிறிய வானொலி, புகைப்படக் கருவி, குடையின் கைப்பிடி என இப்பட்டியல் நீளும். துடைத்தால் துணியின் நூல் ஒட்டுகிறது. கழுவினால் மேலும் பிசுபிசுக்கிறது. ஈற்றில் "பழுதாகிவிட்டது" என்று குப்பையில் வீசிவிடுகிறோம். ஆனால் பழுதானது பொருளா, அதன் மேற்பூச்சா என்பதை அறிந்துகொண்டால் இந்த இழப்பில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

இக்குறைபாடு அதிகமாகப் பேசப்பட்ட பொருட்களுள் ஒன்று வேட்டைத் துப்பாக்கி. துப்பாக்கி என்றதும் மூன்று தசாப்த காலப் போரைக் கண்ட நமது மக்களின் மனதில் எழும் எண்ணம் வேறு. ஆயினும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது கிராமத்து வீடுகளில் வைத்திருக்கும் ஒரு வேட்டைக் கருவியாகும். தோளில் அணைத்துப் பிடிக்கும் அதன் கட்டை முற்காலத்தில் அக்ரூட் மரத்தால் செய்யப்பட்டது. பின்னர் கண்ணாடி இழை கலந்த நைலோன் போன்ற செயற்கைப் பொருட்கள் அவ்விடத்தைப் பிடித்தன. இவை மழையில் ஊதுவதுமில்லை, வெடிப்பதுமில்லை. ஆனால் தொடுகைக்குக் கடினமாகவும் குளிராகவும் இருக்கும். கிளையில் உரசினால் ஓசை எழும். இக்குறைகளை நீக்கவே சில உற்பத்தியாளர்கள் கட்டையின்மீது இறப்பர் போன்ற மென்மையான பூச்சொன்றைப் பூசினர். புதிதாக இருக்கையில் அது ஈரக்கையிலும் வழுக்காது. ஒளியைத் தெறிக்கச் செய்யாது. சில ஆண்டுகள் கழிந்தபின் அதே பூச்சு தார் போல இளகி ஒட்டத் தொடங்கியது.

இப்பூச்சு பெரும்பாலும் இறப்பரே அல்ல என்பதை முதலில் கூறவேண்டும். 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயரும் அவரது சகாக்களும் கண்டறிந்த பொலியூரெதேன் என்னும் பல்பகுதியத்தின் மென்மையான ஒரு வடிவமே இது. 1990 களிலிருந்து மோட்டார் வாகனங்களின் உட்பாகங்கள், மடிக்கணினிகள், தொலைபேசிகள் எனப் பலவற்றில் இது பரவியது. இதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளில் எசுத்தர் பிணைப்புகள் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அவற்றை மெல்ல மெல்ல அறுக்கிறது. நீர்ப்பகுப்பு எனப்படும் இத்தாக்கத்தின்போது அமிலம் தோன்றுகிறது. அவ்வமிலம் அடுத்த பிணைப்புகள் அறுவதை மேலும் விரைவுபடுத்துகிறது. சங்கிலிகள் குறுகக் குறுகத் திண்மமாக இருந்த பூச்சு பசையாகிறது. ஒட்டத் தொடங்கிய பூச்சு மேலும் மேலும் இளகிச் செல்வது இதனாலேயாகும்.

இறப்பருக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள உறவு நமது தேசத்துக்குப் புதிதல்ல. 1876 இல் கம்பஹா, ஹெனரத்கொடையில் இறப்பர் கன்றுகள் நடப்பட்ட நாடு இது. பதப்படுத்தாத இயற்கை இறப்பரும் வெயிலில் இளகி ஒட்டும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்த பின்னரே இறப்பர் உலகத் தொழிலாயிற்று. ஆனால் இன்றைய பூச்சின் சீரழிவு வேறு வகையானது. அது வெப்பத்தால் இளகிப் பின்னர் குளிரில் இறுகுவதல்ல, கட்டமைப்பே சிதைவதாகும். எனவே இளகிய பூச்சை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. அகற்றுவதே ஒரே வழி.

வெப்பமும் ஈரப்பதனும் கூடிய நமது காலநிலையில் இச்சிதைவு விரைவாக நிகழ்வதில் வியப்பில்லை. வியர்வை, கையிலுள்ள எண்ணெய்ப்பசை என்பனவும் அதற்குத் துணைபோகின்றன. டீட் என்னும் இரசாயனம் கலந்த நுளம்பு விரட்டிகள் பூச்சை மாத்திரமன்றிச் சில பிளாஸ்ரிக் வகைகளையும் கரைக்கக் கூடியவை. பத்திரம் என்றெண்ணிப் பஞ்சணை வைத்த பெட்டிக்குள் மூடிவைப்பதும் ஈரத்தைச் சிறைப்படுத்துவதாகவே முடிகிறது.

இனி அகற்றும் முறையைப் பார்ப்போம். பவுடர் தூவுவது சில நாட்களுக்குப் பிசுபிசுப்பை மறைக்குமேயன்றி நீக்காது. பெற்றோலைக் கொண்டு துடைப்பது பெரும் ஆபத்து. அதன் ஆவி அடுப்பிலோ மின்பொறியிலோ பட்டு வீடே தீப்பற்றலாம். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிற்றோன் நைலோனைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் வானொலி, புகைப்படக் கருவி போன்றவற்றின் உறையாக அமையும் பிளாஸ்ரிக் வகைகள் பலவற்றை அது கரைத்துவிடும். ஒப்பீட்டளவில் பொருத்தமானது மருந்தகங்களில் கிடைக்கும் ஐசோப்புரொப்பைல் அற்ககோலாகும். அதுவும் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடுவது. ஆகவே திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால், கையுறை அணிந்தே இதனைச் செய்யவேண்டும்.

துப்பாக்கியாயின் வேறெதற்கும் முன்னதாகத் தோட்டாக்களை அகற்றி, தோட்டா அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைக்கவேண்டும். கட்டையைக் கழற்றத் தெரிந்தவர் கழற்றியபின் துடைக்கலாம். தெரியாதவர் துப்பாக்கி திருத்துநரிடம் ஒப்படைப்பதே முறை. கரைப்பானும் இளகிய பசையும் விசைப் பொறிமுறைக்குள் கசிந்து தங்கிவிட்டால் விளைவு பாரதூரமாக அமையலாம்.

முதலில் சவர்க்கார நீரால் அழுக்கைக் கழுவி உலரவிடுதல் நன்று. வெளியே தெரியாத ஓரிடத்தில் சிறிதளவு அற்ககோலைத் தடவி, அடியிலுள்ள பிளாஸ்ரிக் மங்குகிறதா, இளகுகிறதா என்று பார்க்கவேண்டும். தீங்கில்லையெனில், அற்ககோலில் நனைத்த பருத்தித் துணியை ஓரிரு நிமிடங்கள் பூச்சின்மீது வைத்திருந்து அழுத்தித் தேய்த்தால் பூச்சு சுருண்டு கழன்று வரும். துணியை அடிக்கடி மாற்றவேண்டும். இன்றேல் எடுத்த பசையையே திரும்பப் பூசுவோம். வரிப்பள்ளங்களுக்குப் பழைய பற்தூரிகை போதும். கத்தியால் சுரண்டலாகாது. இது பொறுமையைக் கோரும் வேலை. ஒரே தடவையில் முடியாது. பயன்படுத்திய துணிகளைத் திறந்த வெளியில் நன்கு உலரவிட்ட பின்னரே குப்பையில் இடவேண்டும்.

வீட்டுப் பொருட்களுக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால் மின்கலங்களை முன்கூட்டியே அகற்றவேண்டும். திரவத்தை நேரே ஊற்றாது, துணியை ஈரமாக்கியே துடைக்கவேண்டும். வில்லைகள், திரைகள் என்பவற்றில் கரைப்பான் படலாகாது. தொலைநோக்கிகள் சிலவற்றின்மீது இருப்பது பூச்சல்ல, தடித்த இறப்பர் உறையாகும். அதனைக் கரைக்க முயல்வது வீண். பூச்சு நீங்கியபின் வெளிப்படும் பிளாஸ்ரிக் சற்றே பளபளக்கும். எழுத்துகளும் குறியீடுகளும் அழிந்திருக்கும். எனினும் பொருள் முன்போலவே இயங்கும். துப்பாக்கிக் கட்டை ஈரத்தில் வழுக்கும் என்பதால், அதன் பிடியில் சொரசொரப்பான நாடா ஒட்டுவது பாதுகாப்பானது.

இவ்விடயம் சிறியது போலத் தோன்றலாம். ஆனால் வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி உழைத்தவர்கள் கொண்டுவந்த வானொலியும் புகைப்படக் கருவியும் நமது இல்லங்களில் வெறும் பண்டங்களல்ல. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ஒன்றை வீசிவிட்டு இன்னொன்றை வாங்குவது எத்தனை சுமையானது என்பதையும் நாம் அறிவோம். வீசப்படுபவை எங்கே சேர்கின்றன என்பதை 2017 ஏப்ரலில் 30 இற்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட மீதொட்டமுல்லை குப்பைமேட்டுச் சரிவு நமக்கு உணர்த்தியது.

உத்தரவாதக் காலம் முடிந்தபின் இளகும் பூச்சுக்குப் பாவனையாளரே பொறுப்பு என்று கைகழுவுவது நியாயமாகாது. ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் பொலியூரெதேன் வகைகள் உள்ளன. பூச்சின்றியே சொரசொரப்பாக வார்க்கப்படும் பிளாஸ்ரிக்கும் உண்டு. அயனமண்டல நாடுகளில் விற்கப்படும் பொருளுக்கு எதைத் தெரிவு செய்வது என்பது உற்பத்தியாளரின் கையிலேயே உள்ளது. வாங்குவோரும் தொடுகையின் மென்மையில் மயங்காது, பத்தாண்டுகள் கழிந்தபின் இது எவ்வாறிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நன்று. ஏற்கனவே ஒட்டத் தொடங்கிய பொருள் இருப்பின், வீசுமுன் ஒரு துணியையும் சிறிது நேரத்தையும் அதற்காகச் செலவிடுவோமாக.