கஞ்சித்தொட்டியும் டி செல்களும்

ராயபுரத்தை ஒட்டி, பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வடசென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள். ஹைதர் அலியோடு நடந்த போரில் ஊர்கள் பாழாகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1782-இல், பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்தது மணியக்காரர் சத்திரம். ஆங்கில ஆவணங்களில் அது ‘மொனேகர் சவுல்ட்ரி’. மருந்து பிறகுதான் வந்தது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1910-இல் அரசு அதை ஏற்றது. 1934-இல் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். 1936-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 1938-இல் அது கல்லூரியானது.

பஞ்சத்தில் மனிதர்கள் பசியால் மட்டும் சாவதில்லை. காலரா, பேதி, அம்மை என்று ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். 1876–78-இன் தாது வருஷப் பஞ்சத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்றார் அரசுப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள். மெட்ராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உழைக்கும் உடல் இதில் தாங்காது என்று வாதாடினார். கார்னிஷ் சொன்னதே சரி. ஆனால் பட்டினி கிடக்கும் உடல் ஏன் கிருமிக்கு வழிவிடுகிறது என்று விளக்கும் உயிரியல் அன்று யாரிடமும் இல்லை.

விளக்கத்தின் ஒரு பகுதி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களில் இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிர்கின்றன. ஊட்டமில்லாத குழந்தைகளிடம் அந்தச் சுரப்பியே சுருங்கிவிடும். கிருமியைக் காணாத டி செல்லுக்குச் செலவு குறைவு. கண்டுவிட்டால் அது மளமளவென்று பெருக வேண்டும்; அதற்குக் குளுக்கோஸை ஏராளமாக உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் இருந்தும் முழுவதையும் எரித்து ஆற்றலாக்காமல், ஒரு பங்கைப் புதிய செல்களைக் கட்டும் மூலப்பொருளாக்கிக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடலில் இருப்பு உண்டு என்று இந்தச் செல்களுக்குச் சொல்லும் ஹார்மோன். பட்டினியில் அது சரிகிறது. பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டினை மட்டும் கொடுத்தபோது டி செல்கள் மீண்டும் சுறுசுறுப்படைந்ததை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பட்டினி கிடப்பவரின் டி செல்லும் களைத்துப்போன டி செல்லும் ஒன்றல்ல. பின்னதற்குக் காரணம் ஓயாத எதிரி. நாள்பட்ட வைரஸ் தொற்றிலும் புற்றுநோயிலும் தூண்டுதல் நிற்காததால், டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற தடுப்புப் புரதம் கூடிக்கொண்டே போகும். அது குளுக்கோஸ் பயன்பாட்டை மட்டுப்படுத்தும். செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்களும் நலிந்துபோகும். செல் சாவதில்லை, வேலைதான் நடப்பதில்லை. இந்தத் தடையை விலக்கினால் செல் ஓரளவு மீளும் என்பதை ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதின் ஆய்வுக்குழு 2006-இல் எலிகளில் நிறுவியது. இன்றைய புற்றுநோய் மருந்துகள் சிலவற்றின் அடிப்படை இதுதான். களைத்த செல்லுக்குக் கஞ்சி ஊற்றிப் பயனில்லை. பசித்த உடலுக்கு அதைவிட நல்ல மருந்தும் இல்லை.

சென்னையிலிருந்தே இதற்கு ஒரு மறுப்பு வந்ததாகத் தோன்றலாம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டுச் சாப்பாட்டோடு இருக்கும் ஏழை நோயாளியும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவார் என்று 1959-இல் காட்டியது. அது நோய் வந்தவரைக் குணமாக்கும் கணக்கு. வராமல் தடுக்கும் கணக்கு வேறு. அந்த மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஜார்க்கண்ட் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.