முடியுரு நாடியின் புண் ஆறும் வரலாறு

இரணைமடுக் குளத்திலே நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்கால் தூர்ந்துவிட்டாற் கடைசி வயலிலே பயிர் வாடும். மனித இதயமும் அத்தகையதே. உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயத்துக்கு, அதனை முடிபோற் சூழ்ந்தோடும் முடியுரு நாடிகளே குருதியை ஊட்டுகின்றன. அவற்றின் சுவரிலே கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கின் நெஞ்சு நோவும், முற்றாக அடைபடின் மாரடைப்பும் உண்டாகும்.

நெஞ்சைப் பிளவாமலே இவ்வடைப்பை விலக்க வழி கண்டவர் அன்ட்ரியாஸ் குருன்சிக் என்னும் ஜெர்மானிய வைத்தியர். வீட்டுச் சமையலறை மேசையிலே சிறு பலூன்களைச் செய்து பார்த்த அவர், 1977 செப்டெம்பர் 16ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே, 38 வயதான ஒருவரின் நாடியுட் பலூனைச் செலுத்தி விரித்தார். பத்தாண்டுகளின் பின் படம் பிடித்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. அதனைக் காணக் குருன்சிக் உயிருடன் இல்லை. 1985இல் விமான விபத்திலே மாண்டார்.

நெஞ்சிலே இறைவனுக்குக் கோயில் எடுத்த பூசலார் நாயனாரின் திருநின்றவூர் சென்னைக்கு அண்மையிலுள்ளது. அச்சென்னையிலேயே, குருன்சிக்கிடம் பயின்ற மத்தியூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவின் முதலாவது முடியுரு நாடிப் பலூன் சிகிச்சையைச் செய்தார்.

ஆயினும், சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குச் சில மாதங்களுள் நாடி மீண்டும் ஒடுங்கியது. காரணம் யாது? பலூன் விரிகையில் நாடியின் உட்சுவர் கீறுண்டு புண்ணாகின்றது. அதனை ஆற்றுவதற்காகத் தசைக்கலங்கள் பெருகி உள்நோக்கி வளர்கின்றன. நாடியும் தழும்புற்றுச் சுருங்குகின்றது. வாய்க்காலைத் துப்புரவாக்கப் போய்க் கரையைக் கொத்திவிட்டால், அங்கே புல் முன்னிலும் செழித்து வளர்வதில்லையா? குணமடையும் முயற்சியே மிகையாகி நோயாயிற்று.

சுருக்கத்தைத் தடுக்க 1986இல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயை நாடியுள் வைத்தனர். நாடி சுருங்கவில்லை, ஆனால் வலையினூடே தசை வளர்ந்தது. பின்னர் வலைக்கு மருந்து பூசினர். வளர்ச்சி குறைந்தது, எனினும் புண் ஆறுவதும் தாமதித்தது. மூடப்படாத உலோகத்திலே குருதி உறையும் அபாயமும் எழுந்தது.

இந்நிலையில் ஜெர்மனியிலே புருனோ ஷெல்லர், உல்ரிக் ஸ்பெக் முதலியோர் பலூனுக்கே மருந்து பூசினர். அம்மருந்தான பக்கிலிடாக்செல், முதன்முதலில் அமெரிக்க யூ மரப்பட்டையிலிருந்து புற்றுநோய்க்கெனப் பெறப்பட்டது. மருந்துப் பலூனை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விரித்துப் பின் வெளியே எடுத்துவிடுவர். சுவரில் ஒட்டிய மருந்து பல நாள் நின்று கலங்களின் மிகைப் பெருக்கத்தை அடக்கும். ஸ்டென்டினுள் மீண்டும் அடைப்புற்ற 52 பேரிடம் செய்த முதற் சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின் படம் பிடிக்கப்பட்டோருள், வெறும் பலூன் பெற்றவரில் நூற்றுக்கு 43 பேருக்கும், மருந்துப் பலூன் பெற்றவரில் நூற்றுக்கு 5 பேருக்குமே நாடி மீண்டும் ஒடுங்கியிருந்தது.

ஸ்டென்ட் வையாத நாடியிலே இச்சிகிச்சை செய்தால், உலோகக் கட்டின்றி நாடி இயல்பாய் விரிந்து சுருங்கும். சில நாடிகள் சிகிச்சை நாளிலும் பார்க்கச் சில மாதங்களின் பின் அகன்றிருக்கக் காணப்பட்டன. எல்லா அடைப்புக்கும் இது பொருந்தாது. சுவர் பெரிதும் கிழிந்தால் இன்றும் ஸ்டென்டே வேண்டும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அடைப்பை நீக்குவது சில நிமிட வேலை. புண் ஆறுவதோ மாதக் கணக்கு. நோவு நின்றதும் குளிசையை நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. உள்ளே நாடி ஆறிக்கொண்டிருப்பதை அவர் அறியார். நெஞ்சு நோவை வாய்வு என்று எண்ணி, இஞ்சி இடித்துக் குடித்து இரவைக் கழிப்போரும் உளர். ஆஸ்பத்திரி தூரமாயுள்ள வன்னிக் கிராமங்களிலே அந்த ஓர் இரவே உயிரைக் கொண்டுபோகலாம்.

இளைஞர்களே! நோவென்ற உடனே பெரியோரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை குளிசையைத் தவறாது கொடுங்கள். அதுவும் ஒரு சிவத்தொண்டே.