கூரையில் ஒரு பெட்டி: ஹீலியம் வலையமைப்பின் கதை



1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். என் கையும் சுற்றியிருக்கிறது. செய்தி முடியுமுன் தோள் விட்டுப்போகும். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு "மக்களே நடத்தும் கம்பியில்லா வலை" என்று யாராவது சொன்னால் காது தானாகவே நிமிரும். லிவர்மோரிலும் நிமிர்ந்தது. "அண்ணை, கூரையில் பெட்டி பூட்டினால் காசு வருமாமே?" என்று பலர் கேட்டார்கள். அந்தப் பெட்டியின் வரலாறுதான் இம்மாத உரை.

2013இல் ஹீலியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. நிறுவுநர்களில் ஒருவர், முன்பு நாப்ஸ்டரை உருவாக்கிய ஷோன் ஃபனிங். தண்ணீர்த் தொட்டியின் மட்டம், தோட்ட மண்ணின் ஈரம் போன்ற சின்னஞ்சிறு தகவல்களைச் சில மைல் தூரம் கொண்டுசெல்லும் வலையை அமைப்பது நோக்கம். ஊர் ஊராகக் கோபுரம் கட்டப் பெருஞ்செலவாகும். ஆகவே கோபுரத்தை மக்களின் தலையில், மன்னிக்கவும், கூரையில் வைத்தார்கள். 2019 ஓகஸ்டில் டெக்சாஸின் ஒஸ்டின் நகரில் முதற் பெட்டிகள் இயங்கின. ஒன்றின் விலை 495 டொலர்.

பெட்டி வைத்தவருக்குக் கூலி, ஹீலியம் நாணயம். கணக்கு பிளொக்செயினில் பதியப்படும். எங்கள் சீட்டுக் கணக்கைச் சீட்டுப் பிடிப்பவர் மட்டும் வைத்திருக்காமல், போட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கொப்பி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? ஏறத்தாழ அதுதான். பெட்டி சொன்ன இடத்தில் இருக்கிறதா என்பதை அயற்பெட்டிகள் வானலை மூலம் சோதிக்கும். அதையும் ஏமாற்றியவர்கள் உண்டு: பல பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்துவிட்டு வேறு வேறு முகவரியில் பதிந்தார்கள்.

2021 நவம்பரில் நாணயம் ஒன்று 55 டொலரை நெருங்கியது. 2022 நடுப்பகுதியில் உலகெங்கும் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள். ஆனால் அவ்வருடம் ஜூன் மாதத்தில் வலையைப் பயன்படுத்தியவர்கள் செலுத்திய கட்டணம் மொத்தம் ஏறத்தாழ 6,500 டொலர். பிரித்துப் பாருங்கள், பெட்டிக்கு ஒரு சதங்கூட வராது. கடைகள் இருந்தன, வாடிக்கையாளர் இல்லை. பெட்டிக்காரருக்குக் கிடைத்தது பெரும்பாலும் விலை ஏறும் என்று நம்பி நாணயம் வாங்கியவர்களின் காசு. 2022 முடிவில் அது 3 டொலருக்கும் கீழே கிடந்தது. லைம், நெஸ்லே, சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகியன தன் வலையைப் பயன்படுத்துவதாக முதலீட்டாளர்களை நம்பவைத்தது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் ஹீலியத்தின் தாய்நிறுவனமான நோவா லாப்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் 2 இலட்சம் டொலர் செலுத்தி அதை முடித்துக்கொண்டது.

நாணயமே இல்லாமல் இவ்வகை வலையை நடத்தியவர்கள் நாங்கள் விட்டுவந்த தீவிலேயே இருந்தார்கள். அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரம் மகாவிலச்சிய என்ற சிங்கள விவசாயக் கிராமம். அங்கே ஓர் ஆங்கில ஆசிரியர் தொடங்கிய ஹொரைசன் லங்கா என்ற கணினிப் பள்ளி, 2006இல் மாணவரின் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்தது. பள்ளிப் பிள்ளைகளே அதன் பாவனையாளர். ஆட்கள் முதலில் வந்தார்கள், வலை பிறகு வந்தது. அதே 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு யாழ்ப்பாணம் மறுபடி துண்டிக்கப்பட்டது. ஒரே தீவு, ஒரே வருடம். கிராமத்துப் பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமை இல்லை; மனம் கனக்கத்தான் செய்கிறது.

ஹீலியம் மறைந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தன் சொந்தப் பிளொக்செயினைக் கைவிட்டு சொலானாவுக்கு மாறியது. இப்போது அதன் கவனம் கைத்தொலைபேசியில். 2025 ஏப்ரலில், ஏ.டி. அன்ட் ரி. வாடிக்கையாளர்களின் தொலைபேசிகள் ஹீலியத்தின் வைஃபை பெட்டிகளோடு இணையும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. கட்டணம் செலுத்த ஒருவர் இருக்கிறார் என்பதால் இதை நான் முந்தியதைவிட மதிக்கிறேன். ஆனால் வைஃபை மைல்கணக்கில் போகாது. பெட்டியின் கீழே ஆள் நடமாட்டம் வேண்டும். லிவர்மோரில் மாலை ஏழு மணிக்கு அடங்கிவிடும் எங்கள் ஒழுங்கைகளைவிட, ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருப்பவருக்கே இது ஒத்துவரும் என்பது என் கணிப்பு.