வெல்ஷ் மொழியும் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளும்

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 31 லட்சம் மக்கள் வாழும் சிறு நாடு வேல்ஸ். அதன் பழைய மொழி வெல்ஷ். ஆங்கிலம் அந்தத் தீவில் கால்வைக்கும் முன்பே அங்கு வழங்கிய கெல்ட்டிக் மொழியின் வழித்தோன்றல் இது. கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் இந்த மொழியை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்ற ஒரு சட்டம் வந்தது. தேவாலயத்துக்குள் கொண்டுவர இன்னொரு சட்டம் வந்தது. பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் அடிவாங்கினார்கள். இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைக் கற்பித்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இத்தனை சட்டங்களுக்கு நடுவிலும், அந்த மொழி தேய்ந்ததையும் மீண்டும் தலையெடுத்ததையும் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள், தம் பிள்ளையின் பிழைப்பை எண்ணி முடிவெடுத்த பெற்றோர்கள்தாம்.

வேல்ஸை இங்கிலாந்துடன் இணைத்த எட்டாம் ஹென்றி மன்னரின் 1536ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்றது. ஆங்கிலம் வழங்காதவர் அரசுப் பதவி வகிக்கவும் முடியாது என்றது. அன்று நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் வெல்ஷ் மட்டுமே அறிந்தவர்கள். நிலக்கிழார்களும் பதவி நாடியவர்களும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கினார்கள், உழவர்கள் மாறவில்லை.

முதலாம் எலிசபெத் காலத்தில் 1563இல் வந்த சட்டம் வேறு திசையில் சென்றது. விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷ் மொழியில் பெயர்க்குமாறு ஆயர்களுக்கு அது கட்டளையிட்டது. சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கையை, மக்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் பரப்ப முடியாது என்ற நடைமுறைக் கணக்கு அது. இரு மொழிப் படிகளையும் தேவாலயத்தில் அருகருகே வைக்க வேண்டும், ஒப்பிட்டுப் படித்து மக்கள் ஆங்கிலம் கற்கட்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் விளைவு வேறாக அமைந்தது. வில்லியம் மார்கன் பெயர்த்த முழு விவிலியம் 1588இல் வெளிவந்ததும் வெல்ஷ் உரைநடைக்கு ஒரு பொதுத்தரம் கிடைத்தது. நீதிமன்றத்தில் இடமிழந்த மொழி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்க மேடையில் செம்மையாக ஒலித்தது.

அடுத்த பெரிய திருப்பம் கார்மார்தன்ஷயரில் தேவாலயக் குருவாக இருந்த கிரிஃபித் ஜோன்ஸ் 1730களில் தொடங்கிய சுற்றுப் பள்ளிகள். ஆசிரியர் ஓர் ஊருக்குப் போவார். வேலை குறைந்த குளிர்காலத்தில் சுமார் மூன்று மாதம் தங்கி, வெல்ஷ் விவிலியத்தை வாசிக்கும் அளவுக்கு எழுத்தறிவு தந்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். பகலில் வர முடியாதவர்களுக்கு இரவில் வகுப்பு. சிறுவரும் முதியவரும் சேர்ந்தே படித்தார்கள். ஆங்கிலத்தில் ஏன் கற்பிக்கவில்லை என்று நன்கொடையாளர்கள் கேட்டபோது, தெரியாத மொழியில் எழுத்தறிவு புகட்டப் பல ஆண்டுகள் ஆகும், தாய்மொழியில் சில மாதங்கள் போதும் என்று ஜோன்ஸ் வாதிட்டார். 1761இல் அவர் இறக்கும்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பள்ளிகளில் படித்திருந்தார்கள். அவருக்குப் பின் அந்தப் பணியை நடத்தியவர் பிரிஜட் பெவன் என்ற பெண்மணி. அரசின் உதவி சிறிதும் இல்லாமல், அன்றைய ஐரோப்பாவில் எழுத்தறிவு மிகுந்த நாட்டுப்புறங்களில் ஒன்றாக வேல்ஸ் மாறியது. தாய்மொழிக் கல்விக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரியும் இரும்பும் தென்வேல்ஸின் முகத்தை மாற்றின. 1831இல் மெர்தரில் தொழிலாளர் கிளர்ச்சி, 1839இல் நியூபோர்ட்டில் வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டுகளின் எழுச்சி, மேற்கில் சுங்கச்சாவடிகளை உடைத்த ரெபெக்கா கலகம் என்று அடுத்தடுத்து நடந்தவை லண்டனைக் கலங்கடித்தன. தங்களுக்குப் புரியாத மொழியில் மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு. வேல்ஸில் பிறந்து கவன்ட்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், அங்குள்ள கல்வி நிலையை ஆராயும்படி 1846இல் நாடாளுமன்றத்தில் கோரினார். அனுப்பப்பட்டவர்கள் மூன்று இளம் ஆங்கிலேய வழக்கறிஞர்கள். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது.

1847இல் நீல அட்டையுடன் மூன்று தொகுதிகளாக வந்த அவர்களது அறிக்கை, பள்ளிக் கட்டடங்களின் இழிநிலையையும் ஆசிரியர்களின் தகுதிக் குறைவையும் உள்ளபடியே பதிவுசெய்தது. அதோடு நிற்கவில்லை. மக்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் வெல்ஷ் மொழி தடை என்று தீர்ப்புச் சொன்னது. வெல்ஷ் பெண்களின் கற்பைப் பற்றியும் இழிவாக எழுதியது. நாடே கொதித்தது. ஆர். ஜே. டெர்ஃபெல் 1854இல் வெளியிட்ட நாடகத்தின் தலைப்பை ஒட்டி, இன்றும் அந்த அறிக்கை ‘நீல நூல்களின் துரோகம்’ என்றே வழங்கப்படுகிறது. ஆனால் கோபத்துக்கு அடியில் வெட்கமும் ஊறியது. தாங்கள் நாகரிகமானவர்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற தவிப்பில், ஆங்கிலமே உயர்வுக்கு வழி என்ற அறிக்கையின் வாதத்தைப் பல வெல்ஷ் குடும்பங்கள் உள்ளூர ஏற்றுக்கொண்டன.

இந்த இடத்தில்தான் ‘வெல்ஷ் நாட்’ என்ற மரத்துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதைக் கயிற்றில் மாட்டுவார்கள். வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசக் கேட்டால் மாட்டியிருப்பவர் அதை அந்தப் பிள்ளைக்கு மாற்றிவிடலாம். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. தோழனைக் காட்டிக்கொடுத்தால் தான் தப்பலாம் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்பித்தது அந்தத் துண்டு. நீல நூல்களை எழுதியவர்களே இதைக் கண்டித்திருக்கிறார்கள். எந்தச் சட்டமும் எந்த அரசாணையும் இதை விதிக்கவில்லை. ஆங்கிலம் வரட்டும் என்று ஆசிரியர்கள் செய்தார்கள். பணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பலர் அதற்கு உடன்பட்டார்கள். அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்வது எளிது. சுரங்கத்திலும் வயலிலும் உழைத்துக் களைத்த அவர்கள் தம் பிள்ளைக்கு எழுத்தர் வேலையாவது கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறு கதவை அரசு திறந்து வைக்கவில்லை.

1862 முதல் தேர்வு முடிவைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்ற முறை வந்தது. ஆங்கிலத்தில் வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் பணம் உண்டு. வெல்ஷுக்கு ஒரு பென்னிகூட இல்லை. வெல்ஷைத் தடைசெய்யாமலே ஒதுக்கிவிட்டது இந்த ஏற்பாடு. பள்ளி ஆய்வாளர் டேன் ஐசக் டேவிஸ் 1885இல் தொடங்கிய சங்கம் வாதாடியதன் பேரில், அந்த நூற்றாண்டின் இறுதியில் வெல்ஷுக்கும் ஓரளவு இடம் கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது கழுத்தில் ‘வெல்ஷ் நாட்’ மாட்டப்பட்ட ஓ. எம். எட்வர்ட்ஸ், 1907இல் வேல்ஸின் முதல் தலைமைப் பள்ளி ஆய்வாளரானார். வெல்ஷ் மொழியைக் கற்பிக்குமாறு பள்ளி பள்ளியாகச் சென்று வலியுறுத்தினார்.

ஆனால் காலம் எதிராக ஓடியது. 1911 கணக்கெடுப்பில் 9,77,000 பேர், அதாவது மக்கள்தொகையில் 43.5 விழுக்காட்டினர், வெல்ஷ் பேசினர். எண்ணிக்கையில் அதுவே உச்சம். சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு இங்கிலாந்திலிருந்து ஆட்கள் குவிந்தார்கள். முதல் உலகப் போரும், அதன் பின் வந்த வேலையின்மையும், வானொலியும் திரைப்படமும் சேர்ந்துகொண்டன. வெல்ஷ் பேசும் தாயும் தந்தையும் பிள்ளையிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசும் வீடுகள் பெருகின. 1961இல் விகிதம் 26 ஆனது, 1981இல் 18.9.

மீட்சி ஏழு பிள்ளைகளோடு தொடங்கியது. 1939இல் போர் மூண்டதும் லிவர்பூலிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆங்கிலச் சிறுவர்கள் அபரிஸ்ட்வித் நகரப் பள்ளிகளில் நிறைந்தார்கள். ஓ. எம். எட்வர்ட்ஸின் மகன் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் தம் மகனுக்காகவும் வேறு சில பிள்ளைகளுக்காகவும் வெல்ஷ் வழித் தனியார் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திறந்தார். நோரா ஐசக் ஆசிரியை. 1947 மார்ச் 1ஆம் நாள், நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் திருநாளில், லனெல்லியில் உள்ளாட்சியே நடத்தும் முதல் வெல்ஷ் வழிப் பள்ளி வந்தது. 1956இல் வடக்கே ரில் நகரில் முதல் வெல்ஷ் வழி மேல்நிலைப்பள்ளியும், 1962இல் தெற்கே பான்டிபிரிட் அருகே இன்னொன்றும் தொடங்கின. மேல்நிலையில் அறிவியலை வெல்ஷில் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அந்தப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளே பதில் தந்தன. அதைப் பார்த்துத்தான், வெல்ஷ் அறியாத பெற்றோரும் தம் பிள்ளைகளை அங்கே சேர்க்கத் துணிந்தார்கள்.

பள்ளிக்கு வெளியே போராட்டம் ஒரு வீட்டு வரிச் சீட்டில் மூண்டது. லனெல்லியை அடுத்த லாங்கென்னெக் ஊரில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுபவர்கள். அங்கே குடியேறிய சுரங்கத் தொழிலாளி ட்ரெவர் பீஸ்லியும் மனைவி ஐலீனும், வரிச் சீட்டு வெல்ஷிலும் வராவிட்டால் கட்ட மாட்டோம் என்று 1952இல் சொல்லிவிட்டார்கள். பல முறை நீதிமன்றப் படி ஏறினார்கள். ஜப்தி செய்ய வந்தவர்கள் பியானோ உட்பட வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1960இல், இருமொழிச் சீட்டு வந்தது. எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் 1962 பிப்ரவரியில் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையில் இந்தத் தம்பதியையே எடுத்துக்காட்டினார். இதே போக்கு நீடித்தால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்று எச்சரித்தார். அந்த ஆண்டே வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. இளைஞர்கள் பாலத்தில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தார்கள், ஆங்கிலம் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளில் பச்சை வண்ணம் பூசினார்கள், சிறை சென்றார்கள். வெல்ஷ் தேசியவாதத் தலைவர் குவின்வர் எவன்ஸ், சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என்று 1980இல் அறிவித்த பிறகுதான், வெல்ஷ் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகச் சொன்ன வாக்கை மார்கரெட் தாட்சர் அரசு காப்பாற்றியது. அது 1982 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது.

1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வேல்ஸின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வெல்ஷைப் பாடமாக்கியது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அலுவலகங்களில் இரு மொழிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. 2011இல் வெல்ஷ் வேல்ஸின் ஆட்சிமொழி ஆனது.

இன்றைய பள்ளி ஏற்பாடு பல படிகள் கொண்டது. வெல்ஷ் வழிப் பள்ளியில் முதல் சில ஆண்டுகள் எல்லாமே வெல்ஷில்தான்; ஆங்கிலம் ஏழு வயதையொட்டிப் பாடமாக நுழையும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இப்படி இரு மொழிகளிலும் தேறுகிறார்கள். பள்ளிக்கு முந்தைய நிலைக்கு 1971இல் தொடங்கிய மழலையர் பள்ளி இயக்கம் உண்டு. குவினெத் மாவட்டத்தில், பள்ளிப் படிப்பின் நடுவில் வந்துசேரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கென 1980களிலேயே மொழி மையங்கள் அமைந்தன. சில வாரங்கள் அங்கே வெல்ஷில் மூழ்கியெழுந்து, பிறகு உள்ளூர் வகுப்பில் சேர்கிறார்கள். மறுபக்கம், பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது ஆங்கில வழிப் பள்ளிகளில். அங்கே பல ஆண்டுகள் வெல்ஷைப் பாடமாகப் படித்தும் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தெரியாமல் வெளியேறுபவர்கள் ஏராளம். பேராசிரியர் ஷோனெத் டேவிஸ் தலைமையிலான குழு 2013இல் இதை வெளிப்படையாகச் சொல்லி, ‘இரண்டாம் மொழி வெல்ஷ்’ என்ற ஏற்பாட்டையே கைவிடப் பரிந்துரைத்தது.

பூசலும் ஓயவில்லை. பீஸ்லி தம்பதி வரிகட்ட மறுத்த அதே லாங்கென்னெக்கில், இரு வழியாக நடந்த தொடக்கப்பள்ளியை முழு வெல்ஷ் வழிக்கு மாற்ற மாவட்ட மன்றம் 2017இல் முடிவெடுத்தபோது ஊர் இரண்டுபட்டது. ஆங்கில வழி வேண்டும் என்ற குடும்பங்கள் பிள்ளைகளை அடுத்த ஊருக்கு அனுப்ப நேர்ந்தது. அவர்களின் மனக்குறை பொய்யல்ல. ஆனால் வெல்ஷைப் பேச்சுமொழியாகக் காக்க வேண்டுமென்றால், அது விளையாட்டுத் திடலிலும் ஒலிக்கும் பள்ளிகள் தேவை. ஒரே வளாகத்தில் இரு வழிகள் நடந்தால் திடலில் ஆங்கிலமே வெல்லும்.

2017இல் வேல்ஸ் அரசு, 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும், அன்றாடம் அதைப் பயன்படுத்துவோர் விகிதம் இரட்டிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நான்கே ஆண்டில் வந்த கணக்கெடுப்பு அதிர்ச்சி தந்தது: 5,38,000 பேர், 17.8 விழுக்காடு. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் வெல்ஷ் பேசுவதாகப் பதிவானவர்கள் பத்தாண்டில் 40.3 விழுக்காட்டிலிருந்து 34.3 ஆகக் குறைந்திருந்தார்கள். இந்த எண்ணைப் பார்க்கும்போது இரண்டை நினைவில் கொள்ள வேண்டும்: பிள்ளைகளுக்காகப் படிவத்தை நிரப்புவது பெற்றோர். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தை ஒட்டி நடந்த கணக்கெடுப்பு அது. கார்மார்தன்ஷயர் போன்ற பழைய கோட்டைகளும் சரிந்தன. 64 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசும் குவினெத்தில், கடற்கரை வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென வாங்கிக் குவிப்பதால் உள்ளூர் இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். அத்தகைய வீடுகளுக்குச் சாதாரண வரியுடன் 150 விழுக்காடு கூடுதல் வரியை மாவட்ட மன்றம் 2023இல் விதித்தது. அங்கே மொழிக் கொள்கை வீட்டுமனை விலையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2025இல் நிறைவேறிய வெல்ஷ் மொழி, கல்விச் சட்டம் பத்து லட்சம் என்ற இலக்கைச் சட்டத்திலேயே எழுதியது. பள்ளிகளை வெல்ஷை முதன்மையாகக் கொண்டவை, இருமொழிப் பள்ளிகள், ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு ஓரளவு வெல்ஷும் உள்ளவை என அது மூன்றாக வகுக்கிறது. மூன்றாம் வகையிலும் கற்பித்தலில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது வெல்ஷில் நடக்க வேண்டும். 2050க்குள் கட்டாயக் கல்வியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தயங்காமல் வெல்ஷ் பேசக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இதற்கு வேண்டிய அளவு வெல்ஷ் தெரிந்த ஆசிரியர்கள் இன்னும் இல்லை. ஆங்கில வழிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கே முதலில் வெல்ஷ் கற்பிக்கும் வேலை, ஊதியத்துடன் விடுப்பு அளிக்கும் பயிற்சி வகுப்புகள் வழியாக நடந்துவருகிறது.