பாட்டியின் பயம்

1958. சிங்கராச்சாரி தெரு வீட்டில் அம்மா நிறைமாதம். "அரை வயிறு சாப்பிட்டாப் போதும். குழந்தை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்" என்பாள் பாட்டி. அம்மா மறுபேச்சு பேசியதில்லை. தங்கை நாலரை பவுண்டு எடையில் பிறந்தாள். அதாவது, சுமார் இரண்டு கிலோ.

பாட்டியைக் கல்நெஞ்சுக்காரி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுடைய அக்கா கிராமத்தில், மருத்துவச்சி கையில், குழந்தை வெளியே வராமல் இறந்துபோனவள் என்று. ஆபரேஷன் இல்லாத ஊரில் சின்னக் குழந்தைதான் தாய்க்குப் பாதுகாப்பு.

எங்கள் பேட்டைக்கோ கூப்பிடு தூரத்தில் கோஷா ஆஸ்பத்திரி இருந்தது. ஆண் டாக்டரிடம் போகாத பெண்களுக்காக, டாக்டர் மேரி ஷார்லிப் முயற்சியில் 1885-இல் தொடங்கியது. இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆஸ்பத்திரி வந்தும் பயம் போகவில்லை.

எடை குறைவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. தாயின் உயரம், ரத்தசோகை, சிறுவயதுக் கல்யாணம், குறைமாதப் பிரசவம் எல்லாம் சேரும். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையின் 1934 முதலான பிரசவப் பதிவேடுகளை வைத்து, அங்கே பிறந்தவர்களைப் பின்னாளில் பரிசோதித்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களிடம் இதயநோய் அதிகம் இருந்தது.

தங்கையும் இப்போது இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த அரை வயிறுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாட்டியைத் திட்டவும் இனி எனக்கு மனசு வராது.